விசிறிக்குள் மந்திரம் இல்லை

சீட்டுக்கட்டை விசிறியாக விரிப்பதும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு அருவியாகப் பாய்ச்சுவதும், இரு பாதிகளையும் பாலம்போல வளைத்து ஒன்றுக்குள் ஒன்று இறங்கவிடுவதும் வீண் பகட்டு என்று உங்களுக்கு இப்போது சொல்லித் தரப்படுவதாக அறிகிறேன். வித்தைக்காரர் தம் திறமையை மறைக்க வேண்டுமாம். விரலின் வேகத்தைச் சபைக்கு ஒருமுறை காட்டிவிட்டால், அதன்பின் செய்யும் எதையும் சபை மந்திரம் என்று நம்பாதாம். இதே வாதத்தை என் கணவரிடமிருந்து பல ஆண்டுகள் கேட்டவள் நான். அப்போதும் ஏற்கவில்லை, மேடையை விட்டு இறங்கிவிட்ட இந்த வயதிலும் ஏற்கவில்லை. சபை மந்திரமென்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே விரலைக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. தொழிலுக்குப் புதியவர்களான நீங்கள் அதன் காரணத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விரல்களைப் பழக்கும் முறையை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு ஒரு நிலைக்கண்ணாடியும் உங்களைக் கேலி செய்யாத ஓர் அறையும் போதும். கண்ணாடி சொல்லித் தராதவை சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் என் தந்தைக்கு வெற்றிலைக் கடை இருந்தது. வெற்றிலையை அடுக்கி, இடக்கையில் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணும் வேலையைச் சிறுவயது முதல் நான் செய்திருக்கிறேன். பிற்காலத்தில் என் சீட்டு விசிறியைக் கண்டு யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெற்றிலையிடம் என்று உண்மையைத்தான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. என் கணவர் தாய்மாமன் மகன். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நாடகக் கம்பெனியுடன் வந்தவர், கம்பெனி திரும்பிச் சென்றபோது தாம் செல்லாமல் பதுளையிலேயே தங்கிச் சீட்டு வித்தை காட்டினார். மணமான பிறகு மேடையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை தட்டேந்தி நிற்பது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் சில நாள் ஆடிவிட்டு எறியும் கட்டுகள் கடைவீதிக்கு வந்து சேரும். அவற்றை எடுத்துவந்து தட்டேந்தாத நேரமெல்லாம் பழகினேன்.

சபையின் முன் நான் முதன்முதலாகக் கட்டைக் கையில் எடுத்தது, கடைவீதியை ஒட்டிய சரக்கு வைக்கும் ஒரு மடுவக் கொட்டகையில் நடந்த ஆட்டத்தின்போது. எங்கள் குடும்பத்துக் கைதான் செய்யக்கூடிய தவறு ஒன்றை அன்று செய்தேன். வெற்றிலை எண்ணுவதற்கு முன் கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். மேசை மேலிருந்த செம்பைக் கண்டதும் விரல் தானாகவே அதற்குள் போய் வந்துவிட்டது. வெற்றிலைக்கு ஈரம் இசையும், சீட்டுக்கு இசையாது. விசிறி பாதியில் நின்று, கட்டியாக ஒட்டி, முழுக்கட்டும் என் காலடியில் விழுந்தது.

"வெத்தலக் கடையிலயே நின்னுருக்கலாம்" என்றது ஒரு குரல்.

"அம்மாகிட்ட சீட்டு கோவிச்சுக்கிச்சு. அடுத்ததப் பாப்போம்" என்று என் கணவர் சமாளிக்க முயன்றார்.

அடுத்ததற்கு நான் போகவில்லை. குனிந்து, ஒவ்வொரு சீட்டாக, அவசரப்படாமல் பொறுக்கினேன். அருகில், ஆட்டத் தொடக்கத்தில் ஏற்றிய விளக்கடியில் விபூதித் தட்டு இருந்தது. ஈரம் போக விரல்களை அதில் துடைத்துவிட்டு மறுபடியும் விரித்தேன். விசிறி எண்ணெய் பூசியதுபோல வழுக்கி முழுதாகத் திறந்தது. சபையின் முன்னால் ஒன்று தவறினால் வேறொன்றைக் காட்டி அதை மூடாதீர்கள். தவறியதையே மீண்டும் செய்யுங்கள்.

அன்று முதல் மல்துணியில் சலித்த விபூதி என் பெட்டியில் இருந்தது. ஹல்துமுல்லை, பூனாகலை போன்ற மலைத் தோட்டங்களில் பனி இறங்கிவிட்டால், பெட்டியிலிருந்து எடுத்த கட்டு பேசி முடிப்பதற்குள் அப்பளம்போல நமத்துவிடும். அந்தச் சாம்பல் இல்லாமல் என்னால் ஒரு விசிறியும் விரித்திருக்க முடியாது. நெற்றிக்கு உரியதைச் சீட்டில் பூசலாமா என்று உறவினர் கேட்டனர். நெற்றிக்கு ஆகும் சாம்பல் விரலுக்கு ஆகாதா என்று நானும் கேட்டேன். அந்த வெண்ணிற விரல்களைச் சபையில் இருப்பவர்கள் என்னவென்று எண்ணுவார்கள் என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. அதற்கு மடுல்சீமைவரை போக வேண்டியிருந்தது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கங்காணி மாரியம்மன் திருவிழாவுக்கு எங்களை அழைத்திருந்தார். தோட்டத்து ஆட்களையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தவரும், அவர்களுக்கும் துரைக்கும் இடையில் நிற்பவரும் அவரே. அவர் சொல் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே கோயில் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார். என் கணவர் வருவதற்கு முன் சபையை அமைதிப்படுத்துவது என் பங்கு. மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. நான் விசிறியைத் திறந்தபோது சீட்டுகளிலிருந்து விபூதித் தூள் எழுந்து அந்த வெயிலில் மெல்லிய புகைபோலப் பரவியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் நான்கைந்து வயதுப் பெண் குழந்தை.

"தாயி, அந்தக் கையால எம்புள்ள கால்ல ஒரு ஊது ஊதுங்க."

"செல்லாயி, ஒதுங்கு. வேடிக்கை பாக்க விடு" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் அசையவில்லை. குழந்தையின் காலைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். கெண்டைக்காலில் பழைய அட்டைக்கடி ஒன்று புண்ணாகிப் பழுத்திருந்தது. முழங்கால்வரை வீக்கம். அதற்கு மேலும் தோலுக்கடியில் சிவப்புக் கோடு ஒன்று ஏறியிருந்தது. நான் தொடுவதற்கு முன்பே சூடு தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?"

"தோட்டத்து மருந்துக்காரரு எண்ணெ தடவுனாரு, கேக்கல. ஓடக்கரையில காத்துக் கருப்பு பட்டுருக்குனு சொல்றாங்க. பதுளைக்குக் கொண்டு போகணும்னா வண்டி வேணும். திருவிழா முடியட்டும்னு ஐயா சொல்லிட்டாரு."

கங்காணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, ஒரு ஊது ஊதினா வாயி தேஞ்சிருமா? அவளுக்கும் மனசு ஆறிரும், நாங்களும் வித்தையப் பாப்போம்."

என் கணவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஊதிட்டு விடு. இதுல பாவம் ஒண்ணுமில்ல. சனம் பாக்குது."

இளையவர்களே, இத்தகைய ஒரு தருணம் உங்களுக்கும் வரும். சபை காத்திருக்கும்; உங்களை அழைத்தவர் காத்திருப்பார்; உங்களுடையவரே எளிய வழியைக் காட்டுவார். அந்த எளிய வழியில் உண்மையாகவே தீங்கு எதுவும் தென்படாது. ஊதுவது எனக்கு ஒரு மூச்சு. ஆனால் அந்த மூச்சை வாங்கிக்கொண்டு செல்லாயி நிம்மதியாக லயத்துக்குத் திரும்பியிருப்பாள். திருவிழா முடியும்வரை பொறுத்திருப்பாள். நஞ்சு ஏறும் அந்தச் சிவப்புக் கோடு பொறுத்திருக்கப் போவதில்லை.

"எங்கிட்ட சக்தி ஒண்ணும் இல்லம்மா. இது வெறும் கைப்பழக்கம்" என்றேன்.

"சக்தி இருக்கறவங்க எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க தாயி."

கூட்டம் ஆமோதித்தது. நான் மறுக்க மறுக்க அவள் நம்பிக்கை வலுத்தது. சொல்லால் முடியாது என்று தெரிந்ததும், காட்டிவிடலாம் என்று எண்ணினேன். விசிறியை மடித்து, எந்த விரல் எதைத் தள்ளுகிறது என்று அவள் கண்ணுக்கு நேராக, மிக மெதுவாக மீண்டும் விரித்தேன். அழுதுகொண்டிருந்த குழந்தை வாயைத் திறந்தபடி சீட்டுகளைப் பார்த்தது.

"பாருங்க, புள்ள அழுகைய நிறுத்திருச்சு" என்றாள் ஒரு கிழவி. பலர் கைகூப்பினார்கள்.

மெதுவாகச் செய்வதும் போதாது என்பதை அங்கே கற்றேன். அடுத்தவர் கையில் இருக்கும்வரை எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் அது அதிசயந்தான். கட்டைச் சேர்த்து அவளிடம் நீட்டினேன்.

"கொழுந்து எடுக்கற கைதானே. புடிங்க."

"என்ன செய்யற நீ?" என் கணவரின் குரல் உயர்ந்தது. "அடுக்கி வச்ச கட்டு அது."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அடுத்து அவர் செய்யவிருந்த வித்தை முழுவதும் அந்த அடுக்கில்தான் இருந்தது. கட்டைச் சபையில் எவர் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது இத்தொழிலின் முதல் விதி. நீங்களும் அதைக் கற்றிருப்பீர்கள். நான் அதைத் தெரிந்தே மீறினேன்.

குழந்தையைத் தன் பின்னால் வந்து நின்ற அதன் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, செல்லாயி கட்டை வாங்கினாள். முதல்முறை சீட்டுகள் சிதறின, கூட்டம் சிரித்தது. பொறுக்கிக் கொடுத்து, கட்டைவிரலை எங்கே வைப்பது என்று காட்டினேன். இரண்டாம் முறை ஒரு விசிறி திறந்தது. கோணலானதுதான், ஓரங்கள் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தன. ஆயினும் விசிறியே. அவள் சீட்டைப் பார்க்கவில்லை. வெண்மை படிந்த தன் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"அப்ப எங்கிட்ட இருக்கறதுதான் உங்ககிட்டயும் இருக்கா?"

"அவ்வளவுதான். இந்தக் கையால ஊதினா கால் ஆறுமா?"

"ஆறாது."

"என் கையாலயும் ஆறாது."

அவள் நன்றி சொல்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் இந்தத் தொழிலை இன்னும் அறியவில்லை என்று பொருள். அவள் முகம் கறுத்தது.

"பின்ன எதுக்கு இந்த வெள்ளக் கையும் வேஷமும்? வித்தைக்காரவங்க வர்றாங்கனு கேட்டதுல இருந்து உங்களத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். இல்லைனா அன்னைக்கே தூக்கிட்டு நடந்துருப்பேன்."

கட்டை என் காலடியில் வீசினாள். மழையில் ஊறிய சேற்றில் சீட்டுகள் விழுந்தன. பிறகு கங்காணியின் நாற்காலிக்கு நேராகத் திரும்பினாள்.

"ஐயா, வண்டி வேணுங்க."

"ஞாயித்துக்கெழம துரை பங்களாவுல போயி நான் வண்டி கேக்கணுமா? திருவிழா முடியட்டும்னு சொன்னேன்ல."

"அப்ப தூக்கிட்டு நடக்கறேங்க."

"நட. சொல்லாம எல்லைய தாண்டுனா ஓடிப்போனவங்கனுதான் எழுதுவாங்க. அப்பறம் கோர்ட்டு கச்சேரினு நீயும் ஒம்புருசனும் அலையுங்க."

அது வெற்று மிரட்டல் அன்று. அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஆட்கள் மறியல் என்று நாங்கள் சொல்லும் சிறைக்குப் போனதை நாங்கள் எல்லோரும் அறிவோம். செல்லாயியின் கணவன் குழந்தையை மாரோடு அணைத்தபடி தரையைப் பார்த்து நின்றான்.

"எங்க வண்டி நிக்குது" என்றேன். "மாடும் இளைப்பாறியிருக்கு. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இந்தத் தோட்டத்துல இருக்கேன். யாரு ஓடிப்போனதுனு துரை கேட்டா என்னக் காட்டுங்க."

கங்காணி சிரித்தார். "பொம்பள பிணையா? காலையில பெரட்டுல ஒங்க பேரையும் கூப்புடவா?"

"கூப்புடுங்க. கொழுந்து எடுக்கத் தெரியாது. செல்லாயி சீட்ட விரிச்ச மாதிரி நானும் பழகிக்கறேன்."

இம்முறை கூட்டம் என் பக்கம் நின்று சிரித்தது. அத்தனை பேர் முன்னால் மறுக்கக் கங்காணியால் இயலவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "போய்ட்டுச் சுருக்க வா" என்றார், செல்லாயியின் முகத்தைப் பாராமலே.

என் கணவர் மேடைக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அவருடைய வித்தைகள் முழுவதையும் நான் கெடுத்திருந்தேன். திருவிழா ஆட்டம் பாதியில் நின்றால் எந்தத் தோட்டமும் எங்களை மறுபடி அழைக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

"சீட்டெல்லாம் சேத்துல கெடக்கு. என்ன வச்சு ஆடப்போற?"

"கைய வச்சுத்தான்."

"அகராதி புடிச்சவ" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பூட்டப் போனார். செல்லாயியும் குழந்தையும் ஏறியதும் வண்டி வளைவில் மறைந்தது.

சேற்றிலிருந்து சீட்டுகளைப் பொறுக்கினேன். துடைத்தால் தேறும் என்று தோன்றியவற்றை மட்டும் முந்தானையில் துடைத்தேன். பிறகு குடத்து நீரில், எல்லோரும் பார்க்க, இரு கைகளிலிருந்தும் விபூதியைக் கழுவினேன்.

"இது கை வேலை. நல்லாப் பாத்துக்கங்க" என்றேன்.

"அப்ப இவ்வளவு நேரம் ஏமாத்தா?" என்றான் ஒருவன்.

"ஏமாத்துறவ மறைச்சுச் செய்வா. நான் தொறந்து செய்யறேன். கண்ண எடுக்காமப் பாருங்க."

முதல் விசிறி திறக்கவில்லை. ஈரத்தில் சீட்டுகள் இரண்டும் மூன்றுமாக ஒட்டின. எவரும் கைதட்டவில்லை. மீண்டும் அதையே செய்தேன். அருவியைப் பாய்ச்சியபோது பாதி தரையில் கொட்டியது. பொறுக்கிக்கொண்டு மீண்டும் பாய்ச்சினேன். ஒரு நிலையில் கூட்டத்தின் தன்மை மாறத் தொடங்கியதை உணர்ந்தேன். மந்திரமென்று எண்ணியபோது அவர்கள் என் முகத்தைப் பார்த்திருந்தார்கள். இப்போது விரல்களைப் பார்த்தார்கள். பகலெல்லாம் விரல்களால் உழைக்கும் மக்கள் அவர்கள். ஈரச் சீட்டை வளைப்பது எவ்வளவு கடினம் என்பது, ஈரக் கொழுந்தைக் கிள்ளிப் பழகியவர்களுக்கு விளங்காமல் போகுமா? அருவி ஒரு சீட்டும் சிந்தாமல் மறு கைக்கு வந்து சேர்ந்தபோது எழுந்த ஆரவாரம்போல் ஒன்றை என் கணவரின் எந்த வித்தைக்கும் நான் கேட்டதில்லை.

"இன்னொரு வாட்டி, மெதுவா" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, தன் விரல்களையும் அசைத்துப் பார்த்தபடி.

பொழுது சாயும்வரை ஆடினேன். பகட்டு என்று உங்களுக்குச் சொல்லப்படும் விசிறியையும் அருவியையும் பாலத்தையும் தவிர என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. அவையே போதுமாக இருந்தன. இதற்குமேல் அவற்றுக்காக நான் வாதாடப்போவதில்லை.

மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குச் சென்று பெண்கள் வரிசையில் நின்றேன். கங்காணி என் பெயரைக் கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் மலைக்குப் போனேன். எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்று உடன் வந்தவர்கள் சொல்லித் தந்தார்கள். என் வேகத்தைக் கண்டு நாள் முழுதும் சிரித்தார்கள். பழக்கமின்மையால் விரல்கள் கன்றின. வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கொழுந்தை விட்டுவிட்டுப் பாதையை எட்டிப் பார்த்தேன். ஊதியிருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன நேர்ந்தாலும் அது விதியின் கணக்கு; ஊத மறுத்துவிட்டபின் என் கணக்கு. சபைக்கு உண்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் அந்தச் சுமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

அதற்கு மறுநாள் என் கணவர் வந்தார். வண்டி வெறுமையாக இருந்தது. நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

"கீறிட்டாங்க. அம்புட்டுச் சீழ். கால் தப்பிச்சிருச்சு. தாயையும் புள்ளையையும் ஒரு வாரம் அங்கயே இருக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. துரைக்கும் தகவல் அனுப்பிட்டாரு." வண்டியிலிருந்து இறங்கியபடி, "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா உசுரே இருந்துருக்காதாம்" என்றார். பிறகு மாட்டை அவிழ்த்தபடியே, "இனிமே கட்ட யார் கையிலயும் குடுக்காத" என்றார்.

"குடுப்பேன்" என்றேன்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குக் கங்காணி எங்களை அழைக்கவில்லை. லயத்து மக்களே ஆளனுப்பி அழைத்தார்கள். மகிழ்ந்துதான் போனோம். மைதானத்தை அடைந்ததும் என் மகிழ்ச்சி வடிந்தது. மேடைக்கு முன்னால் குழந்தைகளை இடுப்பில் சுமந்த தாய்மார் வரிசையாக நின்றிருந்தார்கள். இருமல், காய்ச்சல், சிரங்கு. நான் ஆவேசம்கொண்டு சீட்டுகளைச் சேற்றில் வீசியெறிந்ததாகவும், அப்போதே காற்றுக் கருப்பு குழந்தையின் காலிலிருந்து இறங்கி ஓடியதாகவும் அந்த மலை முழுவதும் கதை பரவியிருந்தது.

"நீ ஊதாததுக்கே இவ்வளவு கூட்டம்" என்றார் என் கணவர்.

நான் கட்டை எடுத்தேன். வரிசையில் உள்ள ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் வரிசைக்கு முன்னால் செல்லாயி வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்திருந்த மகள் ஒரு காலைச் சற்றுச் சாய்த்து வைத்தாலும் தானாகவே நடந்து வந்தாள். செல்லாயி எனக்கு வணக்கம் சொல்லவில்லை. என் மீதிருந்த கோபம் அவளுக்கு முழுதாக ஆறியிருந்ததாகவும் தெரியவில்லை. அந்தப் பெண்களைத்தான் பார்த்தாள்.

"இந்தம்மாகிட்ட ஒண்ணும் கெடையாது. அந்தச் சீட்ட நானே விரிச்சேன். எம்புள்ள கால அறுத்து ஆத்துனது பதுளை டாக்டரு. போயி வண்டி கேளுங்க."

"ஐயா தரலைனா?" என்றாள் வரிசையில் நின்ற ஒரு தாய்.

"தர்ற வரைக்கும் கேளுங்க. வாங்க, நானும் வர்றேன்."

முதலில் ஒருத்தி நகர்ந்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் குழந்தைகளோடு கங்காணியின் வீட்டை நோக்கி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மற்றவர்களும் அவர்கள் பின்னால் போனார்கள். ஆளில்லாத மைதானத்தில் என் கணவரும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்ததால், அன்று ஆட்டம் வெகுநேரம் தாமதமாகத்தான் தொடங்கியது.